சுவர் பக்கம் திரும்பிய முகம்

"அம்மா, தாத்தா மாத்திரை முழுங்கும்போது நீ ஏன் சுவத்தையே பாக்கிற? சுவத்துல என்ன இருக்கு?"

ஸாமா இதைக் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்று மாதூமா சிரித்துவிட்டு, "சுவத்துல பல்லி இருக்கு. நீ போய்க் கோழிக்குத் தீனி போடு" என்று குழந்தையை விரட்டிவிட்டாள். ஏழு வயதுப் பெண் கேட்கிற கேள்விக்கெல்லாம் நின்று பதில் சொன்னால் அடுப்பு எரிவது எப்போது?

ஆனால் சில கேள்விகளை இறைவனே குழந்தையின் வாயில் வைத்து அனுப்புகிறான். விரட்டினாலும் அவை போவதில்லை. வாசலில் உட்கார்ந்து காத்திருக்கும்.

துகேலா நதிக்கு மேலே அந்தக் குன்றில் மபாசோ குடும்பத்தின் நான்கு வட்ட வீடுகளும், நடுவில் முள்வேலி போட்ட மாட்டுப் பட்டியும் இருந்தன. மாமியார் இறந்து இரண்டு வருடமாயிற்று. கணவன் வுசி ஜோஹன்னஸ்பர்க்கில் கட்டட வேலை செய்கிறான். ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் வருவான். வீட்டில் மீதி மூன்று பேர். மாதூமா, குழந்தை ஸாமா, பாபா.

பாபா என்றால் மாமனார். இளமையில் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து நெஞ்சில் தூசியோடு ஊர் திரும்பியவர். கோடைக் கடைசியில் அவர் இருமலில் ரத்தம் வந்ததும், கிளினிக்கில் காசநோய் என்று சொன்னதும், ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி.யும் சேர்ந்து தெரிந்ததும் அந்தக் குன்றுகளில் பல வீடுகளில் நடந்த கதை. முதலில் காசநோய் மாத்திரை தொடங்கினார்கள். இரண்டு வாரம் பொறுத்து எச்.ஐ.வி.க்கான வெள்ளை மாத்திரையையும் சேர்த்தார்கள். கூடவே இருந்து தினமும் முழுங்க வைக்க வீட்டில் ஓர் ஆள் வேண்டும் என்றார் நர்ஸ். வேறு யார் இருக்கிறார்கள்? மாதூமா தலையாட்டினாள்.

அங்கேதான் ஒரு சிக்கல் இருந்தது. அது யார் கண்ணிலும் படவில்லை.

மபாசோ வீட்டு மருமகள் மாமனார் முகத்தைப் பார்க்கக் கூடாது. தலையில் துணி, தோளில் சால்வை, பார்வை தரையில். அவர் இருக்கும் வீட்டுக்குள் போனால் இடது பக்கம், பெண்கள் பக்கம், மண்டியிட வேண்டும். மாட்டுப் பட்டிக்குள் கால் வைக்கவே கூடாது. கல்யாணமாகி வந்த ஒன்பது வருடத்தில் மாதூமாவுக்குப் பாபாவின் குரல் தெரியும், இருமல் தெரியும், டயர் செருப்பின் சத்தம் தெரியும். அவருடைய முகத்தைக் கல்யாணப் போட்டோவில்தான் நிதானமாகப் பார்த்திருக்கிறாள்.

அந்த வியாழக்கிழமைக் காலையிலும் வழக்கம்போலத்தான் நடந்தது. ஜூலை மாதக் குளிர். குன்றெங்கும் கற்றாழை சிவப்பாகப் பூத்திருந்தது. மாதூமா மக்காச்சோளக் கஞ்சியும் தண்ணீரும் கொண்டுபோய் வைத்தாள். சின்னத் தட்டில் செங்கல் நிறக் காசநோய் மாத்திரைகளும், பக்கத்தில் ஒரு வெள்ளை மாத்திரையும் இருந்தன. தட்டை அவர் பக்கம் தள்ளினாள். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தண்ணீர் தொண்டையில் இறங்கும் சத்தம் கேட்டது. கோப்பை தரையில் வைக்கப்பட்டது.

"ஆச்சு," என்றார் பாபா.

"சரிங்க பாபா."

காலித் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவள் மனம் நிறைந்திருந்தது. ராத்திரியெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த இருமல் இப்போது இல்லை. பாபா நேற்றுப் பட்டிக்குப் போய் மாடுகளோடு பேசிவிட்டு வந்தார். இன்று சளிப் பரிசோதனை முடிவு வரும். நல்ல முடிவாக இருக்கும் என்று அவள் ஜெபித்திருந்தாள்.

*

கிளினிக்குக்குக் கிளம்புகிற நேரத்தில் கொன்ஸாபி அத்தை வந்து சேர்ந்தாள். பாபாவின் அக்கா, அடுத்த மேட்டில் வீடு. வியாழக்கிழமை என்றால் அவள் தேவாலயத்துப் பெண்கள் ஜெபக்கூட்டத்தின் சிவப்பு ரவிக்கையும், வெள்ளைக் கழுத்துப் பட்டையும், தொப்பியும் போட்டுக்கொள்வாள். முட்டி வலி எல்லா நாளும் உண்டு. அந்த உடுப்பு போட்ட நாளில் மட்டும் அது அவளை விட்டுத் தள்ளி நிற்கும்.

பாபா முன்னால் நடந்தார். பெண்கள் பின்னால். ஸாமாவுக்குப் பள்ளி விடுமுறை. அவள் எல்லாருக்கும் முன்னால் ஓடினாள்.

"தம்பி, நீ இன்னைக்கு நடக்கிறதப் பாத்தா பொண்ணு பாக்கப் போற மாதிரி இருக்கே," என்றாள் அத்தை.

"பொண்ணு பாக்கத்தான் போறேன். நர்ஸம்மாவ."

"அவங்க உன்னப் பாத்துட்டு வேற ஊருக்கு மாத்தல் கேக்காம இருந்தா சரி. மகோத்தி, கேட்டியா உன் மாமனார் பேச்ச?"

மகோத்தி என்று அவள் மாதூமாவைத்தான் கூப்பிடுவாள். மருமகள், மணப்பெண், இரண்டுக்கும் அங்கே அந்த ஒரு சொல்தான். மாதூமா சால்வைக்குள் சிரித்தாள். பதில் சொல்லவில்லை. மாமனாரின் வேடிக்கைப் பேச்சுக்கு மருமகள் பதில் சொல்வது அழகல்ல.

கிளினிக் பெஞ்சில் வெயில் நன்றாக விழுந்தது. நர்ஸ் சிஸ்டர் மதெத்வா கதவைத் திறந்து கூப்பிட்டபோது பாபா தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

செய்தி நல்ல செய்தி. சளியில் கிருமி இல்லை. காசநோய் பின்வாங்கிவிட்டது. இன்னும் சில மாதம் மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும், ஆனால் முதல் ஏற்றத்தை ஏறியாகிவிட்டது என்றார் சிஸ்டர். அத்தை கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய ஒரு ஞானப்பாட்டைப் பாடி முடித்தாள். பாபா, "நான் அப்பவே சொன்னேன்ல," என்று யாரிடமோ சொன்னார்.

பிறகு சிஸ்டர் அவரை எடை பார்க்கும் மேடையில் ஏற்றினார். முள்ளைப் பார்த்தார். இன்னொரு தாளைப் பார்த்தார். அப்புறம் பாபாவையும் அத்தையையும் வெயிலில் உட்காரச் சொல்லிவிட்டு, மாதூமாவை மட்டும் நிறுத்தினார். ஸாமா அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தாள்.

"எடை ஏறல. போன தடவைய விடக் கொறஞ்சிருக்கு," என்றார் சிஸ்டர். "ரெண்டாவது நோய்க்கு எடுத்த ரத்தம் இன்னும் மோசம். மாத்திரை உள்ள போயிருந்தா அந்தக் கிருமி இந்நேரம் நல்லா எறங்கியிருக்கணும். ஆரம்பிச்ச அன்னைக்கு எங்க இருந்துச்சோ அங்கயே நிக்குது."

மாதூமாவுக்குப் புரியவில்லை. கிருமி போய்விட்டது என்று இப்போதுதானே சொன்னீர்கள் என்று கேட்டாள்.

சிஸ்டர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்த மனுஷிக்குக் கோபம் வராது. ஒரே விஷயத்தை நாள் முழுக்க வேறு வேறு பேரிடம் சொன்னாலும், முதல் ஆளிடம் சொல்வதுபோலவே சொல்வார்.

"பட்டிக்குள்ள நரி புகுந்துச்சு. டி.பி. மாத்திரை அத வெரட்டிடுச்சு. ஆனா வேலி விழுந்து கெடக்கு. அந்த வேலியக் கட்டுறதுதான் வெள்ள மாத்திரை. வேலி இல்லாம விட்டா நரி திரும்ப வரும், இல்ல வேற ஏதாவது வரும். டி.பி. நல்லாக் கொறஞ்சு வந்தவங்க, இந்த ஒரு மாத்திரைய விட்டதால, அந்த வருஷம் முடியறதுக்குள்ள போனத நான் பாத்திருக்கேன். ரெண்டு நோயும் சேந்து இருக்கிறவங்களுக்கு ரெண்டு மருந்தும் வேணும். ஒண்ணு மட்டும் போதாது."

வெளியே அத்தையின் சிரிப்பு கேட்டது.

"அவரு முழுங்குறத நீ கண்ணால பாக்குறியா?"

"பாக்குறேன் சிஸ்டர்," என்றாள் மாதூமா. பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே அவளுக்கு இல்லை. தினமும் பக்கத்தில் இருக்கிறாளே.

"இல்ல," என்றாள் ஸாமா. "அம்மா சுவத்தத்தான் பாப்பாங்க. பல்லி இருக்கான்னு."

மாதூமாவின் முகம் சுட்டது. தண்ணீர் இறங்கும் சத்தம். கோப்பை வைக்கும் சத்தம். ஆச்சு என்ற குரல். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். தண்ணீரோடு எது இறங்கியது, எது இறங்கவில்லை என்று அவள் எப்படிக் கண்டாள்?

சிஸ்டர் திட்டவில்லை. கையில் இருந்த தாளைக் கீழே வைத்தார்.

"நானும் ஒரு வீட்டு மகோத்திதான்," என்றார். "என் மாமனாரு செத்தப்போதான் அவரு மொகத்த முழுசாப் பாத்தேன். உன்கிட்ட இந்த வேலையக் குடுத்தப்போ எனக்கு இது தோணியிருக்கணும்."

பிறகு பாபாவின் கழுத்தில் கட்டி ஏதாவது வந்ததா, காய்ச்சல் அடித்ததா என்று விசாரித்தார். வெள்ளை மாத்திரை தொடங்கிய புதிதில் சிலருக்கு அப்படி வருமாம். உடம்பில் தூங்கிக்கொண்டிருந்த காவல்காரன் எழுந்து, ஒளிந்திருந்த காசநோயோடு சண்டை போடுவதுதான் அந்த வீக்கம். மாத்திரையை நிறுத்தக் கூடாது; இங்கே வந்தால் வீக்கம் குறைய மருந்து இருக்கிறது. அது தெரியாதவர்கள் மாத்திரைதான் கொல்கிறது என்று பயந்து நிறுத்திவிடுவார்கள்.

முகத்தையே பார்க்காதவள் கழுத்தை எங்கே பார்த்தாள்? ஆனால் ஈஸ்டருக்கு அப்புறம் கொஞ்ச நாள் பாபாவின் கம்பளிக் கழுத்துத் துணி துவைக்க வரவேயில்லை என்பது இப்போது நினைவுக்கு வந்தது.

நாளைக் காலையிலிருந்து வெள்ளை மாத்திரையைப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்றார் சிஸ்டர். காசநோய் மாத்திரை அதன் பலத்தைத் தின்றுவிடும் என்பதால் முன்போலவே சாயங்காலத்துக்கும் தனியாக ஒரு சின்ன மாத்திரை. இரண்டையும் ஓர் ஆள் நேராகப் பார்க்க வேண்டும். முடியாது என்றால் மலைக்கு அப்பால் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம். அங்கே நர்ஸுகள் பார்த்துக்கொள்வார்கள்.

மாமியாரைக் கொண்டுபோனதும் அந்த ஆஸ்பத்திரிக்குத்தான். வண்டியில் போனவள் வண்டியில்தான் வந்தாள், பெட்டிக்குள். அங்கே பாபா ஒருபோதும் போகமாட்டார்.

*

இதை எப்படிக் கேட்பது? மருமகள் மாமனாரிடம், நீங்கள் மாத்திரை முழுங்கினீர்களா, துப்பினீர்களா என்று கேட்க அந்தக் குன்றில் வாயே கிடையாது. வருகிற வழியில் மாதூமா அத்தையைப் பின்தங்க வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அத்தை தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். முட்டி வலி இன்னும் தள்ளிப் போய்விட்டது போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பாபா வெயிலில் பாயில் உட்கார்ந்தார். மாதூமா சமையல் வீட்டு வாசலில், முதுகைக் காட்டி, கீரை ஆய்ந்தாள்.

"எங்கடா வச்சிருக்க?" என்று அத்தை கேட்டாள்.

"எத?"

"அக்காகிட்ட எதன்னு கேக்காத. சின்னப் புள்ளையில கசாய வேரக் கன்னத்துல அடக்கிட்டு அம்மாகிட்ட முழுங்கிட்டேன்னு சொல்லுவியே, அந்தப் பயதானடா நீ."

பிறகு டயர் செருப்பு மாட்டுப் பட்டிப் பக்கம் போகும் சத்தம் கேட்டது. திரும்பி வரும் சத்தம் கேட்டது. அத்தையின் முன்னால் ஏதோ தகரம் 'டக்' என்று வைக்கப்பட்டது. பழைய மூக்குப்பொடி டப்பா. அத்தை திறந்தாள். உள்ளே வெள்ளை மாத்திரைகள். சாயங்கால மாத்திரைகளும்.

பட்டிக் கதவுக் கல்லுக்கு அடியில் வைத்திருந்தாராம். மருமகளின் கால் படாத ஒரே இடம். குப்பையில் போட மனம் வரவில்லை. மருந்து கடவுள் கொடுத்தது, அதைக் குப்பையில் போடுவது பாவம் என்றார்.

ஏன் முழுங்கவில்லை என்பதற்கும் அவரிடம் ஒழுங்கான காரணம் இருந்தது. செங்கல் நிற மாத்திரை வேலை செய்வது கண்ணுக்குத் தெரிந்தது. சிறுநீரே அந்த நிறமாகிவிட்டது, இருமல் நின்றது. வெள்ளை மாத்திரை என்ன செய்தது? முழுங்க ஆரம்பித்த சில நாளில் கழுத்து இரண்டு பக்கமும் வீங்கியது. காய்ச்சல் எரித்தது. துணியைச் சுற்றி மறைத்துக்கொண்டார். ஒரு நாள் முழுங்காமல் விட்டார், அப்படியே விட்டுவிட்டார். வீக்கம் தானாக இறங்கியது.

"நீயே சொல்லுக்கா. எது என்னக் காப்பாத்துச்சு, எது கொல்லப் பாத்துச்சு?"

மாதூமா முதுகைத் திருப்பியபடியே, சிஸ்டர் சொன்ன காவல்காரன் கதையைச் சொன்னாள். அத்தையிடம் சொல்வதுபோலச் சொன்னாள். பாபாவுக்குக் கேட்க வேண்டும் என்று கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.

"நர்ஸம்மா நல்லவங்க," என்றார் பாபா. "ஆனா அவங்க அத முழுங்கிப் பாத்தாங்களா? வீங்கினது என் கழுத்து."

அத்தையின் குரல் மாறியது.

"என் புள்ள தூலானியையும் அவன் தங்கச்சியையும் ஒரே வருஷத்துல பொதச்சேன். அப்போ இந்த டப்பா எங்கடா இருந்துச்சு? ஒரே ஒரு மாத்திரைக்காக நான் இந்த முட்டியோட ஜோஹன்னஸ்பர்க் வரைக்கும் நடந்திருப்பேன். நீ கல்லுக்கு அடியில வச்சிருக்க."

கீரை ஆய்ந்த கை நின்றது. பாபா இருமவில்லை, ஆனால் தொண்டையைச் செருமினார். கோழிகள் மட்டும் தங்கள் வேலையைப் பார்த்தன.

பிறகு அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு காரியத்துக்கு வந்தாள். மகோத்தி முகம் பார்க்க வேண்டும். முகம் பார்க்க வைக்க மாமனார் ஏதாவது கொடுத்து, வாயால் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதுதான் முறை. கிறிஸ்துமஸுக்கு வுசி வரட்டும், ஆடு அறுத்து முன்னோருக்குச் சொல்லிச் செய்வோம் என்றார் பாபா. கிறிஸ்துமஸ் வரை நோய் பாயில் உட்கார்ந்து காத்திருக்குமா என்று கேட்டாள் அத்தை. தேவன் நம் முகத்தைத் தினமும்தான் பார்க்கிறார், நாம் எதுவும் கொடுத்துக் கூப்பிடவில்லையே என்றும் சொன்னாள்.

பாபா சிறிது யோசித்தார். "காது கிழிஞ்ச பழுப்பு ஆடு," என்றார்.

"அறுக்கக் கூடாது," என்றாள் ஸாமா. அவள் எங்கிருந்து முளைத்தாள் என்று தெரியவில்லை. "அது பேரு ராணி."

அறுக்கவில்லை. கயிற்றோடு கொண்டுவந்து மாதூமாவின் கையில் கொடுத்தார்கள். ராணி கயிற்றின் நுனியை மென்று பார்த்துவிட்டு, கீரையைத் தின்னத் தொடங்கியது.

"மாதூமா, இனிமே நீ பாக்கலாம்மா," என்றார் பாபா.

அவள் தலையை நிமிர்த்த முயன்றாள். முடியவில்லை. ஒன்பது வருடப் பழக்கம் கழுத்திலேயே உட்கார்ந்திருந்தது. அவர் முட்டி வரை பார்த்தாள். அதுவே பெரிய தூரம்.

"பாக்குறது அவ இஷ்டம்," என்று எழுந்துகொண்டே சொன்னார் பாபா. "முழுங்குறது என் இஷ்டம். காலையில பாத்துக்கலாம்."

*

சாயங்காலம் வுசி போன் செய்தான். சளியில் கிருமி இல்லை என்றதும் அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. சனிக்கிழமை லீவு கிடைத்திருக்கிறது, வருகிறேன் என்றான். ஸாமாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்கும்போது இருமினான். கொஞ்சம் விட்டு மறுபடி இருமினான்.

"என்னங்க இருமல்?"

"சிமெண்ட் தூசிடி. வேற என்ன?"

போனை வைத்த பிறகும் அந்த இருமல் அவள் காதில் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை வரட்டும்.

அடுப்பை அணைத்துவிட்டு, மாவுச் சாக்குக்குப் பின்னால் கையை விட்டு, பழைய பேக்கிங் பவுடர் டப்பாவை எடுத்தாள். அதற்குள் அவளுடைய வெள்ளை மாத்திரைகள். பாபாவுடைய அதே மாத்திரை. ஸாமா வயிற்றில் இருந்தபோது கிளினிக்கில் ரத்தம் பார்த்த நாளிலிருந்து, தினமும் குழந்தை தூங்கிய பிறகு ஒன்று. ஸாமா அந்த நோய் இல்லாமல் பிறந்ததும், தான் இன்று கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பதும் அந்த டப்பாவினால்தான் என்று அவளுக்குத் தெரியும். கணவனுக்கும் சிஸ்டருக்கும் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது என்று நினைத்திருந்தாள். தெரிய வேண்டாம் என்றும் நினைத்திருந்தாள். ஒரு பெண்ணைப் பற்றி இப்படி ஒரு சொல் வெளியே போனால், அதைத் திரும்பப் பிடித்து வர ஆள் கிடையாது.

அவங்க அத முழுங்கிப் பாத்தாங்களா, என்று பாபா கேட்டார்.

முழுங்கிப் பார்த்த ஆள் அவர் வீட்டிலேயே இருக்கிறாள்.

அவளுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஸாமா பிறந்த சமயம். உடம்பில் பிடிமானமே இல்லாத நாட்கள். மாமியாருக்கு அப்போதே கால் வராது. வுசி ஊரில் இல்லை. முற்றத்தில் குழாய் கிடையாது. தண்ணீர் வேண்டுமென்றால் மேல் ஊற்று வரை ஏற வேண்டும். ஆனால் ஒவ்வொரு காலையும் அவள் கதவைத் திறக்கும்போது டிரம் நிறைந்திருந்தது. ஜெபக்கூட்டத்துப் பெண்கள் யாரோ என்று நினைத்தாள். ஒரு நாள் பனி ஈரத்தில் டிரம்மைச் சுற்றித் தடங்களைப் பார்த்தாள். டயர் செருப்பின் பட்டை பட்டையான தடம்.

அந்தக் குன்றில் ஆண்பிள்ளை தண்ணீர் சுமந்தால் சிரித்தே ஊரை விட்டு ஓட்டிவிடுவார்கள். அதனால்தான் வெளிச்சம் வருவதற்கு முன்னால். அவர் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை. முகம் பார்க்காதவர்கள் நன்றி எப்படிச் சொல்வது? அது அப்படியே அவள் மனதில் கிடந்தது.

அன்று அவள் மாத்திரையை முழுங்கவில்லை. உள்ளங்கையில் வைத்து, ஒரு துணி நுனியில் முடிந்துகொண்டாள். காலைக்கு.

*

பொழுது புலரும்போது முற்றத்தில் யாரும் இல்லை. ஸாமா கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள். அத்தை நேற்றே தன் மேட்டுக்குப் போய்விட்டாள். ராணி மட்டும் கட்டின கயிற்றோடு நின்று பார்த்தது. அது யாரிடம் சொல்லப் போகிறது?

மாதூமா பாபாவின் வீட்டுக்குள் போய் இடது பக்கம் மண்டியிட்டாள். தண்ணீர்ச் செம்பையும் இரண்டு கோப்பைகளையும் வைத்தாள். தட்டைத் தள்ளினாள். சுவர் பக்கம் திரும்பப் போன முகத்தை நிறுத்தி, மெதுவாக, ஒரு கனமான கதவைத் திறப்பதுபோல, எதிர்ப் பக்கம் திருப்பினாள்.

பாபாவின் முகம். போட்டோவில் இருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. இடது புருவத்தில் சுரங்கத்துக் கல் கிழித்த தழும்பு. கண்கள் மட்டும் ஸாமாவின் கண்கள். சந்தேகத்தோடு பார்க்கும்போதும் அப்படியே.

அந்தக் கண்கள் இப்போது தட்டைப் பார்த்தன.

"வெள்ள மாத்திர ரெண்டு இருக்கே," என்றார் அவர்.

"ஒண்ணு என்னோடதுங்க பாபா."

அவர் நிமிர்ந்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, தன் கோப்பைத் தண்ணீரோடு முழுங்கினாள். பிறகு ஸாமாவுக்குக் காட்டுவதுபோல வாயைத் திறந்து காட்டினாள்.

"ஸாமா வயித்துல இருந்தப்போலேர்ந்து சாப்பிடுறேன். ஆரம்பத்துல எனக்கும் தல சுத்துச்சு, வாந்தி வந்துச்சு. அப்புறம் சரியாயிடுச்சு. உங்களுக்குக் கழுத்து திரும்ப வீங்கினாச் சொல்லுங்க. நான் பாத்துக்கிட்டே இருப்பேன்ல."

பட்டியில் ஒரு கன்று கத்தியது.

"தெரியும்மா," என்றார் பாபா. "உன் மாமியா அப்பவே சொன்னா. யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னா. சொல்லல."

மாதூமாவின் கண் நிறைந்தது. ஆனால் முகத்தைத் திருப்பவில்லை; திருப்பினால் பார்க்கிற வேலை தடைப்படும்.

அவர் முதலில் செங்கல் நிற மாத்திரைகளை முழுங்கினார். பிறகு வெள்ளை மாத்திரையை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். நாக்கில் வைத்தார். கோப்பையை எடுத்துக் குடித்தார். தொண்டைக்குழி ஒரு முறை ஏறி இறங்கியதை அவள் பார்த்தாள். அவர் வாயைப் பெரிதாகத் திறந்து, நாக்கைத் தூக்கி, கன்னத்தின் இரண்டு பக்கமும் விரலால் இழுத்துக் காட்டினார். கசாய வேரை அடக்கி வைத்த பழைய பையன் எங்கும் ஒளியவில்லை என்று நிரூபிப்பவர்போல. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு அவர் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். இன்னொரு மிடறு குடித்தார். வாயில் வைத்திருந்து மெல்ல விழுங்கினார்.

"இது கொழாத் தண்ணி இல்லையே."

முற்றத்தில் குழாய் வந்த பிறகு மேல் ஊற்றுக்கு யாருமே போவதில்லை. வழியெல்லாம் முள் மூடிக் கிடக்கிறது. மாதூமாவின் பாவாடை விளிம்பு முழங்கால் வரை பனியில் நனைந்திருந்தது. கணுக்காலில் முள் கீறிய சிவப்புக் கோடுகள்.

அவர் அந்த ஈர விளிம்பைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். டிரம்மைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை.

கோப்பையை அவள் பக்கம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா."